பாய்ப்படகுக்கு பெர்த் எப்படிப் பிடிக்கிறது? போர்ட்டிக்சன்லேருந்து லங்காவி வரைக்கும்

செம்பனைக்காடு, ஆயர் தாவார்
3 பிப்ரவரி 2025, இரவு 9.40

மார்ச் முதல் வாரம் நாலு வெளிநாட்டுப் பாய்ப்படகு போர்ட்டிக்சன்லேருந்து கிளம்பி லங்காவிக்குப் போகுது. மூணு சாதாரண கீல் படகு, ஒண்ணு ரெட்டை உடல் கட்டமரான். கரை வேலை எல்லாம் நம்ம தலையில, வழியில இருக்கிற மரினாக்கள்ல பெர்த், அதாவது படகு கட்டுற இடம், பிடிக்கிறதும் சேர்த்து. மரினா வெப்சைட்ல இருக்கிற ஃபாரத்தை நிரப்பி அனுப்பி ஒரு வாரம் ஆச்சு, எங்கேயிருந்தும் பதில் இல்லை. ரெகாட்டா (பாய்ப்படகுப் போட்டி) நவம்பர்லதான். மார்ச்ல இடம் காலியாத்தான் கிடக்கும். நேரா போய் வாசல்ல நின்னா கொடுத்துடுவாங்கன்னு நான் சொல்றேன். தப்பா?

பழைய நங்கூரம், லுமுட்
3 பிப்ரவரி, இரவு 10.15

தப்பு. இடம் காலியா இருக்கிறது வேற, உன் படகு அந்த இடத்துக்குள்ள போறது வேற. இந்தக் கரையில பெர்த் கேக்கிறவன் மூணு கேள்விக்குப் பதில் வெச்சிருக்கணும். படகு எவ்வளவு ஆழம் தண்ணி கேக்குது? எத்தனை மணிக்கு வாசலைத் தாண்டும்? கையில கடைசித் துறையோட தாள் இருக்கா? மூணுல ஒண்ணு இல்லாட்டியும் காலி பெர்த்தை வெளிய நின்னு பாத்துக்கிட்டுக் கிடக்கணும்.

படகு விவரம் போடு. நீளம், அகலம், ஆழம், பாய்மர உயரம்.

கவுண்டர் அக்கா, சித்தியவான்
4 பிப்ரவரி, காலை 8.05

தம்பி, பதில் வராததுக்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். சீனப் புத்தாண்டு 29 ஜனவரி. அந்த வாரம் யார்டு ஆளுங்க பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பாங்க. இப்ப 11ஆம் தேதி தைப்பூசம், பேராக், பினாங்கு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான் எல்லாம் லீவு. வெப்சைட் ஃபாரம் பல இடத்துல விற்பனை டிபார்ட்மென்ட் மெயிலுக்குப் போகும், பெர்த் ஒதுக்குற டாக் மாஸ்டர் அதைப் பாக்கவே மாட்டார். காலை பத்து மணிக்குப் போன் போடு. டாக் மாஸ்டர் வாட்ஸ்அப் நம்பர் கேளு. ஒரு படகுக்கு ஒரு பக்கத் தாள், பிடிஎஃப்பா அனுப்பு. நாலு படகையும் ஒரே மெயில்ல கலந்து அடிச்சா, பதில் முதல் படகுக்கு மட்டும்தான் வரும்.

தாள்ல இருக்க வேண்டியது: படகு பேர், கொடி, பதிவு எண், ஒற்றை உடலா இரட்டை உடலா, முழு நீளம், அகலம், ஆழம், வர்ற தேதி, எத்தனை ராத்திரி, ஆள் எத்தனை பேர், எந்த நாட்டுப் பாஸ்போர்ட், கரண்ட் எத்தனை ஆம்பியர், கடைசித் துறை, அடுத்த துறை. கூடவே மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட். இன்ஷூரன்ஸ் தேதி முடிஞ்சிருந்தா ஆபீஸ்ல உன் தாளைத் தள்ளி வெச்சுடுவாங்க, ஏன்னு சொல்லவும் மாட்டாங்க.

செம்பனைக்காடு
4 பிப்ரவரி, மதியம் 1.20

ஒண்ணு: 12.2 மீட்டர், ஆழம் 2.1. ரெண்டு: 11 மீட்டர், ஆழம் 1.9. மூணு: 13.7 மீட்டர், ஆழம் 2.2, பாய்மரம் தண்ணியிலேருந்து 20 மீட்டர். கட்டமரான்: 12 மீட்டர் நீளம், அகலம் 6.7, ஆழம் 1.2.

பழைய நங்கூரம்
4 பிப்ரவரி, மதியம் 2.00

12.2ங்கிறது பதிவுப் புத்தகத்துல இருக்கிற நீளமா? மரினா அளக்கிறது முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற நங்கூர ரோலர்லேருந்து பின்னாடி தொங்குற டிங்கி (கரைக்குப் போற சின்னப் படகு) வரைக்கும். டேவிட்ல (பின்பக்கத் தூக்குக் கையில) டிங்கியைத் தொங்க விட்டுட்டு வந்தா 12.2 சுலபமா 13.5 ஆகும். காசு மீட்டர் கணக்குல, அதனால பில்லும் ஏறும். 12 மீட்டர் ஃபிங்கர்ல (படகு பக்கவாட்டுல கட்டுற ஒடுக்கமான மேடையில) கட்டினா வால் நடு வாய்க்கால்ல நீட்டிக்கிட்டு நிக்கும். டிங்கியை இறக்கி டெக்குல கவுத்திடச் சொல்லு.

கட்டமரான்தான் உன் பிரச்சனை. 6.7 மீட்டர் அகலம் சாதாரண ஃபிங்கர் நடுவுல நுழையாது. பொண்டூன் (மிதக்குற மேடை) கடைசியில இருக்கிற டி-முனை வேணும், இல்லாட்டி ரெண்டு பெர்த்துக்குக் காசு. டி-முனை ஒரு மரினாவுக்குக் கொஞ்சம்தான் இருக்கும். அதனால முதல்ல கட்டமரானுக்கு இடம் பிடி. மத்த மூணுக்கும் அப்புறம் பாத்துக்கலாம்.

பாய்மரம் 20 மீட்டர் பினாங்குல பிரச்சனை இல்லை, முதல் பாலத்துக்கு அடியில நடு வழியில 28 மீட்டர் இருக்கு. ஆனா உச்சியில இருக்கிற வி.எச்.எஃப். ரேடியோ ஆன்டெனாவையும் சேர்த்துத்தான் அந்த 20ன்னு கேட்டுக்கோ.

பெர்கின்ஸ் பைத்தியம், சித்தியவான்
4 பிப்ரவரி, இரவு 11.30

ஆன்டெனா உடைஞ்சா சொல்லுங்க, எங்க மில்லுல வெல்டர் இருக்கார்.

பழைய நங்கூரம்
5 பிப்ரவரி, காலை 6.50

மில்லு வெல்டர்கிட்ட ஸ்டெயின்லெஸ் கொடுத்தா 304 ரகக் கம்பியில ஒட்டித் தருவார். எண்ணெய் மில்லுக்கு அது போதும். கடல் தண்ணி படுற இடத்துல 316 வேணும், வெல்டிங் கம்பி 316எல். 304ல ஒட்டினது கொஞ்ச நாள்லயே ஒட்டின ஓரமா டீ நிறத்துல கசியும், அப்புறம் உள்ளுக்குள்ளயே வெடிக்கும். கம்பியைக் கையோட எடுத்துக்கிட்டுப் போ.

இப்ப ஆழம். சார்ட்ல போட்டிருக்கிறது ஏறக்குறைய தண்ணி அடிமட்டத்துக்கு இறங்கினப்ப மிஞ்சுற ஆழம். வாசல்ல 1.8ன்னு இருந்தா உன் மூணாவது படகு 2.2, அடியில விட வேண்டிய இடைவெளி 0.5, ஆக 2.7 வேணும். அப்ப தண்ணி 0.9 மீட்டருக்கு மேல ஏறியிருக்கிற நேரத்துலதான் உள்ள போகலாம். வெளிய வர்றதுக்கும் இதே கணக்கு. இதை மறந்துட்டு விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்புறேன்னு சொல்றவங்கதான் அதிகம்.

கிள்ளான் துறைமுகத்துல பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் நாலு மீட்டருக்கு மேல போகும். அந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டு பங்காப் பிரிச்சுக் கணக்குப் போடு. 4.2 மீட்டர் வித்தியாசம்னா ஒரு பங்கு 0.35. முதல் மணிநேரம் ஒரு பங்கு, ரெண்டாவது ரெண்டு பங்கு, மூணாவதும் நாலாவதும் மூணு மூணு பங்கு, அஞ்சாவது ரெண்டு, ஆறாவது ஒண்ணு. மூணாவது நாலாவது மணிநேரத்துல மட்டும் 2.1 மீட்டர் நகருது. நீரோட்டமும் அப்பத்தான் மோசம். அந்த நேரத்துல யாரும் பெர்த் கட்டப் போகக் கூடாது.

பெர்கின்ஸ் பைத்தியம்
5 பிப்ரவரி, காலை 7.15

பன்னிரண்டு பங்கு கடலுக்குச் சரி. கிள்ளான் ஆத்துக்குள்ள அப்படியே போடாதீங்க. கோலாலம்பூர்ப் பக்கம் நல்ல மழைன்னா ஆத்துத் தண்ணி சேர்ந்து இறங்கும், இறக்கம் நீளும், ஏத்தம் சுருங்கும். ஏத்த இறக்க அட்டவணையில உச்சம்னு போட்ட நேரத்துக்கும் ஓட்டம் நிக்கிற நேரத்துக்கும் இடைவெளி விழும். அட்டவணை உயரத்தைச் சொல்லுது, ஓட்டத்தைச் சொல்லாது.

பழைய நங்கூரம்
5 பிப்ரவரி, காலை 7.40

பைத்தியம் சொல்றதுலயும் சில நாள் தெளிவு இருக்கு. ஆமா. ஆத்துல இருக்கிற மிதவைக் கோல் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டு உள்ள போறதுதான் கடைசிச் சோதனை. நிமிர்ந்து நின்னா ஓட்டம் நின்னாச்சு.

தம்பி, உன் வீட்டுல கிழிக்கிற தினசரி காலண்டர் இருக்கும்ல? அதுலயே பாதி திட்டம் இருக்கு. பௌர்ணமி, அமாவாசைக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் பெரிய ஏத்தம். அஷ்டமிக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் ஓட்டம் மந்தம். மார்ச் 7 அஷ்டமி. அப்ப கிள்ளானுக்குள்ள 7லேருந்து 9க்குள்ள நுழையற மாதிரி வெச்சுக்கோ. பௌர்ணமி 14. அதுக்குள்ள கிள்ளானை விட்டுத் தாண்டியிருக்கணும்.

மார்ச் கடைசிக்குத் தள்ளிப் போச்சுன்னா கிள்ளான் ஆத்துக்குள்ள போகவே வேண்டாம். 29 அமாவாசை, 30 சந்திரன் பூமிக்குக் கிட்ட வர்ற நாள், பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற காலம் வேற. மூணும் ஒண்ணா விழுது. வருஷத்துலயே பெரிய ஏத்த இறக்கத்துல ஒண்ணா இருக்கும். போதாதுன்னு 31 நோன்புப் பெருநாள், ஆபீஸ் எல்லாம் மூடி.

கவுண்டர் அக்கா
5 பிப்ரவரி, மதியம் 12.45

லீவு கணக்கை நானே முடிச்சுடறேன். மார்ச் 2லேருந்து நோன்பு, அரசாங்கக் கவுண்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடும், காலையிலயே போயிடணும். நெகிரி, சிலாங்கூர், பேராக், பினாங்கு எல்லாம் சனி ஞாயிறு லீவு. லங்காவி கெடாவைச் சேர்ந்தது, அங்க வார லீவு வெள்ளி சனி. ஜொகூர் இந்த 2025 ஜனவரி 1லேருந்து சனி ஞாயிறுக்கு மாறிடுச்சு, பழைய பைலட் புத்தகத்துல (கடல் வழிகாட்டியில) வேற மாதிரி இருக்கும், நம்பாதீங்க.

வெளிநாட்டுப் படகு மலேசியாவுக்குள்ளயே ஒரு துறையிலேருந்து இன்னொரு துறைக்குப் போனாலும் கடல்துறை இலாகாவோட போர்ட் கிளியரன்ஸ் தாள் கையில இருக்கணும். அதோட குடிநுழைவு, கஸ்தம் (சுங்கம்). தாள்ல அடுத்த துறைன்னு மரினா பேரைப் போடாதீங்க. துறை பேர்தான்: லுமுட், பினாங்கு, லங்காவி. நடுவுல தீவு ஓரம் நங்கூரம் போட்டுத் தூங்குறதுக்குத் தனித் தாள் எழுத மாட்டாங்க, ஆனா கிளம்பின தேதிக்கும் சேர்ந்த தேதிக்கும் இடைவெளி நீளமா இருந்தா கேள்வி வரும், பதில் தயாரா வெச்சுக்கோங்க.

ஆள் பட்டியல் அஞ்சாறு காப்பி. படகு முத்திரை இருந்தா நல்லது, சட்டப்படி தேவையோ இல்லையோ, முத்திரை விழுந்த தாளைப் பாத்தா கவுண்டர்ல கை வேகமா ஓடும். நடுவுல விமானத்துல வந்து சேர்ற ஆளுக்கு டிஜிட்டல் வருகை அட்டை வேணும், வர்றதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள நிரப்பணும்.

செம்பனைக்காடு
6 பிப்ரவரி, இரவு 8.30

கட்டமரானுக்கு டி-முனை போர்ட்டிக்சன்ல கிடைச்சாச்சு, லங்காவி ரெபாக் மரினாவுல கேட்டிருக்கேன். கிள்ளான்ல யாட் கிளப். அது ஆத்து நடுவுல மிதக்குற பொண்டூன்னு சொல்றாங்க, கரையோட ஒட்டலையாமே. அதுல எப்படிக் கட்டுறது? ஆள் நின்னு கயிறு பிடிக்க முடியுமா?

பழைய நங்கூரம்
6 பிப்ரவரி, இரவு 9.55

முன்கூட்டிச் சொன்னா கிளப் ஆள் வந்து கயிறு வாங்குவாங்க. கரைக்கு வர கிளப் படகு. சொல்லாம போனா யாரும் நிக்க மாட்டாங்க, அந்த மாதிரி வெச்சே திட்டம் போடு.

ஓட்டத்துல கட்டுற முறை:

படகு மூக்கு எப்பவும் ஓட்டத்துக்கு எதிரா. ஓட்டத்தோட சேர்ந்து போனா தரையைப் பாத்து உன் வேகம் கூடும், ஆனா சுக்கான் பிடிக்கிற தண்ணி வேகம் குறையும், நிறுத்தவே முடியாது. எதிர்த்துப் போனா இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்க, படகு ஒரே இடத்துல நிக்கும். மூக்கை லேசா பொண்டூன் பக்கம் சாய்ச்சா ஓட்டமே பக்கவாட்டுல தள்ளிக் கொண்டு வந்து சேர்க்கும். 

ஃபெண்டர் (இடி தாங்குற உருளை) ரெண்டு பக்கமும். கயிறும் ரெண்டு பக்கமும். எந்தப் பக்கம் கட்டணும்னு வி.எச்.எஃப்.ல சொன்னது கடைசி நிமிஷம் மாறும்.

முதல் கயிறு முன்பக்கம் இல்லை. எல்லாரும் முன் கயிறைத்தான் வீசுவாங்க, அது இறுகினதும் பின்பக்கம் ஆத்துக்குள்ள திரும்பிடும். முதல்ல படகு நடுவுல இருக்கிற கிளீட்லேருந்து (கயிறு கட்டுற கொம்பு) பின்னோக்கிப் போற ஸ்பிரிங் கயிறு. அதைப் பொண்டூன் கிளீட்ல ஒரு சுத்து போட்டு, இன்ஜினை மெல்ல முன்னுக்கு, சுக்கான் சக்கரத்தைப் பொண்டூனுக்கு எதிர்ப் பக்கம் திருப்பு. படகு தானா ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் நிதானமா முன், பின், ரெண்டாவது ஸ்பிரிங்.

கயிறு: 12 மீட்டர் படகுக்கு 16 மில்லிமீட்டர் நைலான். ஸ்பிரிங் படகு நீளத்துக்கு, முன் பின் கயிறு மூணுல ரெண்டு பங்கு நீளத்துக்கு. ஆத்துல ரெட்டைக் கயிறு, ஒண்ணு அறுந்தா ஒண்ணு. கிளீட் ஓரத்துல தேயிற இடத்துக்குப் பழைய தீயணைப்பு ஹோஸ் வெட்டிப் போடு.

ஆயர் தாவார்ல லாரி கட்டுறானே அந்த நீலக் கயிறு, அது வேண்டாம். மிதக்கும், புரொப்பெல்லர்ல மாட்டும், இழுத்தா சரியா கொடுத்து வாங்காது, வெயில்ல கொஞ்ச நாள்ல தூளாகும்.

பெர்கின்ஸ் பைத்தியம்
7 பிப்ரவரி, காலை 10.20

கிள்ளான் ஆத்துல கயிறைவிட இன்ஜின்தான் முதல்ல கை விடும். பிளாஸ்டிக் பை கடல் தண்ணி உறிஞ்சுற ஓட்டையில ஒட்டும். எக்ஸாஸ்ட்ல தண்ணி வர்றது குறையும், சத்தம் மாறும், அப்புறம்தான் சூடு முள் ஏறும். முள்ளைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, ஒரு ஆள் பின்னாடி எக்ஸாஸ்ட்டைப் பாத்துக்கிட்டு இருக்கணும். தண்ணி குறைஞ்சா இன்ஜினை நியூட்ரல்ல போடு, பை சில நேரம் தானா விழும். விழாட்டி நிறுத்திட்டு சீ-காக்கை (கடல் தண்ணி வர்ற வால்வை) மூடி ஸ்ட்ரெய்னர் வடிகட்டியைக் கழுவு. பை வெளிய ஒட்டியிருந்தா ஹோஸைக் கழட்டி உள்ளேயிருந்து டிங்கி பம்ப்ல காத்து அடி.

தண்ணி இல்லாம ஓடினா பம்ப்புக்குள்ள சுத்துற ரப்பர் இம்பெல்லர் ஒரு நிமிஷத்துலயே நாசமாகலாம். இறக்கை உடைஞ்சிருந்தா எத்தனை இறக்கை காணோம்னு எண்ணு, காணாமப் போன துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில அடைச்சுக்கிட்டு இருக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடு ஏறுதுன்னா அதுதான்.

ஒவ்வொரு படகுக்கும் இம்பெல்லர் ரெண்டு, கேஸ்கெட்டோட. இதை சித்தியவான்ல தேடாதீங்க, கோலாலம்பூர்லயோ லங்காவிலயோ முன்கூட்டி வாங்கணும். மத்தது நம்ம ஊர்லயே கிடைக்கும். பீட்டா, நன்னி இன்ஜின் எல்லாம் அடிப்படையில குபோத்தா பிளாக். குபோத்தா டிராக்டர் கடையில ஃபில்டர் நம்பர் ஒத்துப் பாருங்க. பழைய படகுல பெர்கின்ஸ் 4.108 இருந்தா தோட்டத்து மெக்கானிக் கண்ணு கலங்கிடுவார், அவர் மெஸ்ஸி பெர்குசன் டிராக்டர்ல இருக்கிறதும் பெர்கின்ஸ்தானே. ஏ ரக வி-பெல்ட், 13 மில்லிமீட்டர் அகலம், எல்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயும் தொங்கும். பழைய பெல்ட்டைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க, நீளம் கண் மதிப்புல வேண்டாம்.

கவுண்டர் அக்கா
7 பிப்ரவரி, காலை 11.00

பெர்த் இழையில டிராக்டர் வந்துடுச்சு. எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

பழைய நங்கூரம்
9 பிப்ரவரி, மாலை 5.30

கிள்ளான்லேருந்து பங்கோர் சுமார் 90 கடல் மைல். அஞ்சு நாட் வேகத்துல பதினெட்டு மணிநேரம். பகல்ல முடியாது. நடுவுல மரினா கிடையாது, கரை நெடுக ஆழமில்லாத சேறு. கரைக்குக் கிட்ட போனா மீன்பிடி வலை, வெளிய போனா கப்பல் போற வழி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பட்டையிலதான் வரணும். இழுவை வலைப் படகு பின்னாடி எவ்வளவு நீளம் வலை இருக்குன்னு விளக்கை வெச்சுச் சொல்ல முடியாது, அதோட பின்னாடி குறுக்கே போகக் கூடாது. மிதவை வலையில சின்ன விளக்கு மினுக்கும், சிலதுல அதுவும் இருக்காது. வலை மாட்டினா உடனே நியூட்ரல். பின்னுக்குப் போட்டா இன்னும் சுத்திக்கும்.

இந்த நீரிணையில மொத்தத்துல ஓட்டம் வடமேற்கா நகருது. மேல போற உங்களுக்கு அது கூலி இல்லாத உதவி. தெக்கே இறங்குறவங்க அழுவாங்க.

விடியற நேரத்துல பங்கோர்க்குத் தெற்கே வர்ற மாதிரி கிளம்பு. அங்க மஞ்சோங் மின் நிலையத்து நிலக்கரி ஜெட்டி, தெலுக் ருபியா இரும்புத்தாது ஜெட்டி ரெண்டும் நீட்டிக்கிட்டு இருக்கு. ருபியாவுக்கு வர்றது உலகத்துலயே பெரிய தாதுக் கப்பல்கள், அதுங்க உனக்காக வளையாது. லுமுட் பக்கம் கடற்படைத் தளம், அதன் எல்லைக்குள்ள குறுக்கு வழி பிடிக்காதே.

மரினா தீவுல இருக்கிற பங்கோர் மரினா குளம் மாதிரி அமைதி, படகைக் கரையேத்துற வசதி, கரையில நிறுத்தி அடி பெயிண்ட் அடிக்க இடமும் இருக்கு. லுமுட் யாட் கிளப் ஊருக்குப் பக்கம், ஆனா ஆத்து ஓட்டம் பொண்டூனைத் தொட்டுக்கிட்டு ஓடும். 2.2 ஆழம் உள்ள உன் மூணாவது படகு எங்க போனாலும் "இன்னைக்கு வாசல்ல அடி இறக்கத்துல எவ்வளவு?"ன்னு கேளு. போன வருஷம் தோண்டினாங்கன்னு சொல்றது ஆழம் இல்லை. சேறு யாரையும் கேக்காம வந்து சேரும்.

செம்பனைக்காடு
12 பிப்ரவரி, இரவு 7.10

நாள் போட்டாச்சு. மார்ச் 6 போர்ட்டிக்சன், 7 கிள்ளான், 9 கிளம்பி 10 காலை பங்கோர், 15 பினாங்கு, 20 லங்காவி. சரியா வருதா?

கவுண்டர் அக்கா
12 பிப்ரவரி, இரவு 7.35

மார்ச் 12 என்ன நாள்? மாசி மகம். பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு நாடு முழுக்க பஸ் போட்டு ஜனம் வரும். லுமுட் ஜெட்டி, மரினா தீவு ஜெட்டி ரெண்டுலயும் பார்க்கிங் ஒண்ணும் மிஞ்சாது. காய்கறி, கேஸ், டீசல் எதுவா இருந்தாலும் 11 மதியத்துக்குள்ள மரினாவுக்குள்ள கொண்டு போய்ச் சேத்துடு. இல்லாட்டி 13தான்.

பெர்கின்ஸ் பைத்தியம்
12 பிப்ரவரி, இரவு 8.50

டீசல் பத்தி. அது கட்டுப்பாட்டுப் பொருள். ஸ்டேஷன்ல டின்னோட நின்னா அனுமதி எங்கன்னு கேட்பாங்க, முதல்லயே கேட்டு வெச்சுக்கோ. 2024 ஜூன் 10லேருந்து தீபகற்பத்துல ஸ்டேஷன் டீசலுக்கு எல்லாருக்கும் பொதுவா கொடுத்த மானியம் நின்னுடுச்சு, அதனால மரினா பம்ப்ல கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் மரினாவுலயே அடிக்கிறது நல்லது. தோட்டத்து ஸ்டோர்ல டிரம்ல இருக்கிறதைக் கேட்டு வைக்காதே, அது தோட்டத்துக் கணக்கு, வம்பு.

டின்ல வாங்கினா வடிகட்டி ஊத்து. தண்ணி பிரிக்கிற புனல் இருக்கு, அதுல. அடியில விரல் அளவு மிஞ்சினதை ஊத்தாதே.

பழைய நங்கூரம்
13 பிப்ரவரி, காலை 7.05

15 பினாங்கு, பௌர்ணமிக்கு மறுநாள். ஏத்தத்துல தண்ணி நிறைய, இறக்கத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி. தஞ்சோங் தோக்கோங்ல இருக்கிற ஸ்ட்ரெய்ட்ஸ் கீ பக்கம் சேறு சேர்ற இடம். 2.1, 2.2 படகு ரெண்டும் ஏத்தத்தோட கடைசி ரெண்டு மணிநேரத்துலதான். ஏறும்போது போ, இறங்கும்போது போகாதே. ஏறும்போது தட்டினா தண்ணியே தூக்கி விடும். இறங்கும்போது தட்டினா அடுத்த ஏத்தம் வரைக்கும் சாஞ்சு கிடக்கணும்.

இடம் இல்லைன்னு சொன்னாலும் பரவாயில்லை. ஜெரஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் நடுவுல நங்கூரம் போடலாம், அடி சேறு, நல்லா பிடிக்கும். சங்கிலி ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு, ஆழத்தோட ஏத்த வித்தியாசத்தையும் முன்பக்க உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடு. 5 மீட்டர் ஆழம், ஏத்தம் 2, முன்பக்கம் 1.2. மொத்தம் 8.2. அஞ்சு மடங்கு 41 மீட்டர். சேத்துல நங்கூரம் உடனே இழுக்காதே. கொஞ்ச நேரம் முங்க விட்டு, அப்புறம் இன்ஜினைப் பின்னுக்கு மெல்ல ஏத்து.

ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஒரு நங்கூர இடத்தை எழுதி வெச்சுடு. பெர்த் உறுதின்னு சொன்ன இடத்துக்கும்தான்.

செம்பனைக்காடு
13 பிப்ரவரி, காலை 9.00

அண்ணே, சுமத்ரா காத்து?

பழைய நங்கூரம்
13 பிப்ரவரி, மதியம் 1.15

அது ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் வர்ற ஆள். நடு ராத்திரிக்கு மேல, விடியறதுக்குள்ள மேற்கேயிருந்து வரும், 40 நாட் தாண்டும். மார்ச்ல காலையில கரைக்காத்து, மதியம் செத்துடும், சாயங்காலம் கரைப் பக்கம் இடி மழை. அதனால மரினா வாசலைக் காலை பத்துக்கும் மதியம் ரெண்டுக்கும் நடுவுல தாண்டற மாதிரி ஏத்தம் விழுந்தா அதைவிட வேற வேண்டாம். விழாட்டி ஏத்தத்துக்குத்தான் முதல் மரியாதை, மழைக்கு ரெண்டாவது.

பெர்கின்ஸ் பைத்தியம்
20 பிப்ரவரி, இரவு 10.40

கரண்ட் யாரும் பேசல. மரினா கம்பத்துல இருக்கிறது நீல நிற வட்ட பிளக், 16 அல்லது 32 ஆம்பியர். நம்ம ஊர் மூணு முள் சதுர பிளக்கை அடாப்டர்ல மாட்டி ஏர்கான் ஓட்டாதீங்க. 16 ஆம்பியர்னா 230 வோல்ட்ல சுமார் 3.7 கிலோவாட். ஏர்கான், வாட்டர் ஹீட்டர், பேட்டரி சார்ஜர் மூணும் ஒண்ணா போட்டா விழும். கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர், 25 மீட்டர். சுருட்டி வெச்ச கேபிள்ல முழு லோடு ஏத்தினா உருகும், விரிச்சுப் போடு.

அமெரிக்கப் படகு இருந்தா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. பேட்டரி சார்ஜர் பலது தாங்கும், ஏர்கான் கம்ப்ரஸர் 50 ஹெர்ட்ஸ்ல சூடாகும். பிளக் மாட்டினதும் போலாரிட்டி டெஸ்டர் வெச்சுப் பாரு.

பச்சை எர்த் கம்பி வழியா பக்கத்துப் படகோட சேர்ந்து, அரிப்பைத் தான் வாங்கிக்கிற உன் துத்தநாகக் கட்டி கரையும். அதைத் தடுக்கிற கால்வானிக் ஐசோலேட்டர் இல்லாத படகு சார்ஜ் ஆனதும் பிளக்கைப் பிடுங்கிடறது நல்லது. கட்டி பாதி கரைஞ்சிருந்தா மாத்தணும், முழுசா தீர்ற வரைக்கும் காத்திருந்தா அடுத்தது புரொப்பெல்லர்தான்.

கவுண்டர் அக்கா
1 மார்ச், மாலை 4.20

காய்கறி பத்தி ஒண்ணு. அட்டைப் பெட்டியோட படகுக்குக் கொடுக்காதீங்க. அட்டை மடிப்புல கரப்பான் முட்டை இருக்கும், பாய்ப்படகுக்காரங்க பொண்டூன்லயே நிறுத்திடுவாங்க. பிளாஸ்டிக் கூடையில மாத்திக் கொடு, கூடையைத் திரும்ப வாங்கிக்கோ. வாழைத்தாரைத் தண்ணியில முக்கி எடுத்துட்டுக் கொடு. முட்டை ஃப்ரிட்ஜ்ல வைக்காத முட்டையா கேட்பாங்க, வெளிய அது ரொம்ப நாள் தாங்கும். மில்லு முட்டைக்காரர்கிட்ட நேரா எடுத்தா கழுவாம கிடைக்கும்.

மரினா பில்லு கேக்கும்போது வரி சேர்த்தா, தண்ணி கரண்ட் தனியா மீட்டரா, கட்டமரானுக்கு ஒன்றரை மடங்கானு எழுத்துல வாங்கு. வாட்ஸ்அப் போதும், ஆனா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோ. டாக் மாஸ்டர் லீவுல போனா அடுத்த ஆளுக்கு உன் கதை தெரியாது.

செம்பனைக்காடு
11 மார்ச், காலை 6.30

நாலும் பங்கோர்ல கட்டியாச்சு. கிள்ளான்ல 8ஆம் தேதி ஓட்டம் மந்தமாத்தான் இருந்தது. 13.7 படகுல ஸ்ட்ரெய்னர் முழுக்க பிளாஸ்டிக். காய்கறி இன்னைக்கே உள்ள போகுது. அக்கா, லங்காவியில ரெபாக் டி-முனை இன்னும் பதில் இல்லை.

கவுண்டர் அக்கா
11 மார்ச், காலை 8.15

இன்னைக்குச் செவ்வாய். நாளை மறுநாள் வியாழனுக்குள்ள பேசி முடி, வெள்ளி சனி அங்க அரசாங்க ஆபீஸ் எல்லாம் லீவு, மரினா ஆபீஸ்லயும் ஆள் குறைவா இருக்கலாம். ரெபாக் தீவு, காய்கறி மளிகை எல்லாம் படகுலதான் போகணும், அதையும் கணக்குல வை. கிடைக்காட்டி தெலாகா மரினா கேளு, மேற்குப் பக்கம் பந்தாய் கோக்ல. குவா யாட் கிளப் ஃபெரி ஜெட்டிக்குப் பக்கத்துல, குடிநுழைவு கஸ்தம் நடந்தே போகலாம், ஆனா ஃபெரி போகும்போதெல்லாம் ஆடும்.

பழைய நங்கூரம்
11 மார்ச், காலை 8.40

குவால கட்டமரானுக்குக் கிடைச்சா ஸ்பிரிங் ரெண்டையும் இறுக்கி, முன் பின் கயிறுல இழுப்பைத் தாங்குற ரப்பர் ஸ்நப்பர் போடு. ஃபெண்டர் ஒரு பக்கத்துக்கு ஆறு, நாலு போதாது. 20 தேதி வர்றப்ப ஏத்தம் மறுபடி மந்தமாகிக்கிட்டு இருக்கும், 22 தேய்பிறை அஷ்டமி. வாசல் ஆழத்துக்கு அன்னைக்குக் காலையில ஒரு தடவை போன்.

செம்பனைக்காடு
13 மார்ச், மாலை 6.05

தெலாகால 20லேருந்து 26 வரைக்கும் டி-முனை, எழுத்துல வந்துடுச்சு. மத்த மூணும் ரெபாக். பெல்ட் ஒண்ணு ஏ ரகம், அகலம் 13, நீளம் 925, யார்கிட்ட இருக்கு?

பெர்கின்ஸ் பைத்தியம்
13 மார்ச், மாலை 6.07

பட்டணத்துல பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஆறரைக்கு மூடும். வெளி அளவா உள் அளவான்னு பாத்துட்டு ஓடு.